நான்கு ஷூவும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும்

போன வருஷம் மே மாதம், அக்னி நட்சத்திரம் முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, வேலூரில் ஒரு கட்டடத்தின் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது இது. இன்னும் நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் இருக்கிறார். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு ஞாயிறு லீவு. எங்கள் பக்கத்தில் இது சகஜம். ஒரே வீட்டில் புருஷனுக்கு ஒரு நாள், பெண்டாட்டிக்கு ஒரு நாள். நாலு பேரும் சேர்ந்து பகல் வெளிச்சத்தில் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் சம்பளத்தை விட்டு லீவு போட வேண்டும். குடும்பத்தோடு நேரம் செலவழியுங்கள் என்று டிவியில் உட்கார்ந்து அறிவுரை சொல்கிறார்களே, அவர்கள் ஒரு மாதம் எங்கள் ஷிப்டில் வந்து நிற்கட்டும்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. மகனுக்கு மூன்று. முழு ஆண்டுப் பரீட்சை லீவு முழுக்க, "வேலூர் எப்போ போறோம், வேலூர் எப்போ போறோம்" என்று மகள் அரித்து எடுத்துவிட்டாள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொன்னார். சர்ச்சில் காலை முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, பஸ் ஏறினோம். மகள் கோயிலுக்குப் போட்டுவந்த பிரவுன் ஷூவோடு அப்படியே வந்தாள்.

அந்த ஷூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் கம்பெனியில் செய்வதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற ஷூ. நான் செக்கிங் டேபிளில் இருக்கிறேன். முடிந்து வருகிற ஷூவில் தையல், ஒட்டு, தோல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. இடதும் வலதும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. தோல் என்பது மாட்டின் உடம்பிலிருந்து வருவது. கழுத்துத் தோலும் முதுகுத் தோலும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி குடிக்காது. ஒரு கால் கொஞ்சம் கறுத்தும் ஒரு கால் கொஞ்சம் வெளுத்தும் வந்துவிடும். அந்த மாதிரி ஜோடி பெட்டிக்குள் போகக் கூடாது. அதை எடுத்து, லேஸுக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு தோல் இருக்குமே, நாங்கள் டங் என்போம், அதன் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை குத்தி ஒதுக்கி வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அதையெல்லாம் ஆட்களுக்கே கம்மி விலையில் விற்பார்கள். என் மகளின் ஷூ அப்படி வாங்கியதுதான். இடது கால் கொஞ்சம் கறுப்பு. ஓட்டை குத்தியது நானே. என் கையால் கழித்ததை என் பிள்ளைக்கு நானே வாங்கி மாட்டிவிட்டேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வேலூரில் கோட்டையை ஒரு சுற்று சுற்றினோம். பத்தரை மணிக்கே கல் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் புல்லில் கொஞ்ச நேரம் ஓடினார்கள், அப்புறம் முகம் சிவந்து வந்து என் முந்தானைக்குள் நுழைந்துகொண்டார்கள். வெயிலுக்குப் பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப் போவது? எங்கள் பக்கம் புதிதாகப் பூங்கா கட்டுகிறவர்கள் இருக்கிற மரத்தை வெட்டிவிட்டு, கலர் கல் பதித்து, இரும்புச் சறுக்குமரத்தை வெயிலில் நட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளை சறுக்கினால் தொடை வெந்துவிடும். கட்டினவர்களின் பிள்ளை யாரும் அதில் சறுக்கப் போவதில்லை.

அதனால் காசு கொடுத்து ஏசியில் விளையாடுகிற இடத்துக்குப் போனோம். ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் பந்துக் குளம், குதிக்கிற மெத்தை, வலைக்குள் ஏறுகிற ஏணி. பிள்ளைக்கு ஒரு மணி நேரத்துக்கு டிக்கெட். சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், அதையும் அவர்களே விற்கிறார்கள். ஷூவை வெளியே ஒரு ரேக்கில் விட வேண்டும். டோக்கன் கிடையாது. ரேக்குக்கு மேலே, "உங்கள் பொருட்களுக்கு நீங்களே பொறுப்பு" என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். பொறுப்பு மட்டும் நமக்கு, காசு அவர்களுக்கு.

நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பிறந்த நாள் கூட்டம் வந்தது. இருபது பிள்ளைகள் இருக்கும். ஷூவையும் செருப்பையும் உதறிவிட்டு உள்ளே ஓடின. ரேக்கில் இருந்ததும் கீழே கிடந்ததும் ஒரே குவியல் ஆகிவிட்டது.

எங்கள் நேரம் முடிந்ததும் நான் குனிந்து ஷூவை எடுத்தேன். இங்கேதான் என் தப்பு நடந்தது. அப்போது எனக்கு அது தெரியவே இல்லை. குவியலில் பிரவுன் ஷூ கண்ணில் பட்டது, என் கை போனது, ஒரு இடது, ஒரு வலது, எடுத்து மாட்டிவிட்டேன். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக இதே கை ஒரு நாளைக்கு எத்தனையோ ஜோடி சேர்க்கிறது. கையிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

மகள் சாக்ஸ் வேர்வையில் நனைந்துவிட்டது என்று கழற்றி என் கூடைக்குள் போட்டுவிட்டாள். வெறும் காலில்தான் ஷூ மாட்டினேன். படி இறங்கும்போதே சொன்னாள், "ம்மா, ஷூ இன்னாவோ மாதிரி கீது."

"கால் வேர்த்துக் கீது, அதான். பேசாம வா" என்றேன்.

கீழே வந்தோம். முன்னால் பெரிய இடம், வண்டி நிறுத்துவதற்காகத் தார் போட்டது. வாட்ச்மேன் ஷெட்டைத் தவிர ஒரு குச்சி நிழல் இல்லை. மகன் அவர் தோளில் தூங்கிவிட்டான். ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடிக்கலாம் என்று பாதி தூரம் நடந்திருப்போம். பின்னாலிருந்து வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏம்மா! நில்லு! நில்லுன்றேன்ல?"

அவருக்குப் பின்னால் கழுத்தில் கார்டு மாட்டின மேனேஜர். முப்பது வயதுகூட இருக்காது. அவனுக்குப் பின்னால் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், பட்டு மாதிரி பளபளக்கிற சுடிதார். பிறந்த நாள் கூட்டத்தில் வந்தவர். அவருடைய பையன் சாக்ஸோடு வந்திருந்தான். அவனை முதலில் வாட்ச்மேன் நாற்காலியில், ஷெட் நிழலில் உட்கார வைத்தார்கள். கால் சுட்டுவிடுமாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா என் மகளின் காலைக் காட்டினார். "அதோ, அதுதான். என் பையனோட ஷூ."

நான் சிரித்துவிட்டேன். நிஜமாகத்தான். "இல்ல மேடம், இது எங்க பாப்பாவுது" என்றேன்.

"இது பாய்ஸ் ஷூ. உங்க பொண்ணுக்கு எதுக்குப் பாய்ஸ் ஷூ? இது ஜெர்மனியிலருந்து எங்க கொழுந்தனார் வாங்கிட்டு வந்தது. இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"ஜெர்மனிக்குப் போனதே எங்க ஊர்லருந்துதான் மேடம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவருக்கு அது திமிராகப் பட்டது.

மேனேஜர் நடுவில் வந்தான். அந்த அம்மாவிடம், "நீங்க இருங்க மேடம், நான் பாக்கறேன்" என்றான். என்னிடம் திரும்பினதும், "ஏம்மா, ஷூவக் கழட்டச் சொல்லு" என்றான். டிக்கெட் வாங்கும்போது நானும் மேடம்தான். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டேன்.

வாட்ச்மேன் என் மகளிடம், "பாப்பா, கழட்டு. அங்கயே நில்லு, எங்கயும் போவாத" என்றார். அவள் கழற்றிக் கொடுத்தாள். மேனேஜர் ஷூவைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"இவ்ளோ விலை ஷூ இவங்களுக்கு எப்படி வந்திருக்கும், நீங்களே சொல்லுங்க" என்று அந்த அம்மா மேனேஜரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி அவனிடம் கேட்டார்.

நான் சொன்னேன், நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று. அது இன்னும் வினையாகிவிட்டது.

"ஓ, அப்போ கம்பெனியிலயே எடுக்கற பழக்கம் இருக்கும்" என்றார்.

 தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் தினமும் சாயங்காலம் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். பதினோரு வருஷம் காட்டியிருக்கிறேன். ஒரு லேஸ், ஒரு நூல்கண்டு என் பையில் இருந்ததில்லை. ஷூ எடுத்தாள் என்று ஒரு வார்த்தை கம்பெனிக்குப் போனால் போதும், விசாரணை எல்லாம் அப்புறம்தான், முதலில் வேலை போய்விடும். வேறு எந்தக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். எல்லா கம்பெனி ஆட்களும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்.

அது இந்த மேனேஜருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. "எந்தக் கம்பெனி? ஐடி கார்டு இருக்கா? போன் போட்டுக் கேட்டுக்கறோம்" என்றான்.

என் வீட்டுக்காரர் குரல் உயர்த்தத் தெரியாதவர். தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, "இன்னா இப்போ, ஷூதானே? குடுத்துட்டுப் போலாம் வா. பேஜாரு வேணாம்" என்றார்.

"பாத்தீங்களா? அவரே ஒத்துக்கறார்" என்றார் அந்த அம்மா.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். "நீ சும்மா இரு! குடுத்துட்டுப் போனா திருடினதா ஆவாதா?" நாலு பேர் முன்னால் அவரை நீ என்று நான் அதுவரை சொன்னதில்லை.

"பையிலயும் பாருங்க, இன்னும் என்னென்ன இருக்கோ" என்றார் அந்த அம்மா. வாட்ச்மேன் என் கூடையை வாங்கி, தரையில் வைத்து, கையை விட்டார். எலுமிச்சை சாத டப்பா வந்தது. தண்ணீர் பாட்டில் வந்தது. நனைந்த சாக்ஸ் வந்தது. என் மகனின் மாற்று ஜட்டி வந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரியாது, என் பிள்ளையைத் தெரியாது, என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆனால் வீடியோ எடுக்கத் தெரிகிறது.

அப்போதுதான் எனக்கு அந்த ஓட்டை ஞாபகம் வந்தது. ஒரே நொடியில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"இருங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் பாத்துக்கங்க. வீடியோக்காரரே, நீங்களும் நல்லா கிட்ட வந்து எடுங்க. இது நான் செக் பண்ணிக் கழிச்ச ஷூ. டங்குக்கு உள்ள ஒரு ஓட்டை இருக்கும். என் கையால குத்தின ஓட்டை. அந்த ஓட்டை இல்லேன்னா நான் திருடின்னு ஒத்துக்கறேன். இருந்தா நீங்க எல்லாரும் என் பொண்ணு கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

மேனேஜர் கையிலிருந்து ஷூவைப் பிடுங்கி லேஸைத் தளர்த்தினேன். டங்கை இழுத்துப் பார்த்தேன்.

ஓட்டை இல்லை.

இன்னொரு ஷூவையும் பார்த்தேன். அதிலும் இல்லை. வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே நிறம். ஒரே மினுமினுப்பு. முதல் தரமான ஜோடி. பெட்டிக்குள் போக வேண்டிய ஜோடி.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. குவியலில் நான்கு பிரவுன் ஷூ கிடந்திருக்கிறது, ஒரே மாடல், ஒரே சைஸ். என் கை தன் வழக்கப்படி, ஒன்றுக்கொன்று பொருந்துகிற இரண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டது. என் பிள்ளையின் பொருந்தாத இரண்டையும், கம்பெனியில் கழிப்பது போலவே, கழித்துவிட்டது. இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். செக்கிங் டேபிளில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள்தான் செய்வாள்.

ஆனால் இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? 

"ஒத்துக்கறேன்னு அவங்களே சொன்னாங்க. எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார் அந்த அம்மா.

"போலீஸக் கூப்பிடட்டா, இல்ல, இனிமே இந்த மாதிரி பண்ண மாட்டேன்னு எழுதிக் குடுக்கறியா?" என்றான் மேனேஜர்.

எழுதிக் கொடுத்தால் என் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருக்கும். அது கம்பெனிக்குப் போக ஒரு நாள் ஆகாது. நான் "எழுத மாட்டேன்" என்றேன். "மாத்தி எடுத்துட்டேன், திருடல. எங்க ஷூ மேலதான் கீது, போய்ப் பாருங்க" என்றேன். "அதெல்லாம் அங்க ஒண்ணும் இல்ல" என்றான், ஒரு அடிகூட நகராமல். பார்க்காமலே இல்லை என்றான்! நான் கத்தினேன், அவன் கத்தினான், அந்த அம்மா கத்தினார்.

அந்த நேரத்தில்தான் படியில் அந்தப் பெண் இறங்கி வந்தார். மேலே தரை துடைக்கிறவர். பச்சை நிற யூனிபார்ம் கோட், அதற்குக் கீழே புடவை, காலில் தேய்ந்த நீலப் பட்டை ரப்பர் செருப்பு. ஒரு கையில் இரண்டு ஷூ. நான் ஷூவைப் பார்த்துவிட்டேன், "அதோ! அதோ!" என்று கை நீட்டினேன்.

அவர் என்னிடம் வரவில்லை. மேனேஜரிடமும் போகவில்லை. நேராக என் மகளிடம் போனார். தன் காலிலிருந்த செருப்பை இரண்டையும் உதறி, குனிந்து, என் மகளின் காலுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து, அவளை அதன் மேல் தூக்கி நிறுத்தினார். அப்புறம்தான் நிமிர்ந்தார். அவர் வெறும் காலோடு தாரில் நின்றார்.

"அறிவு கீதா உங்களுக்கு? கொழந்த கால் வெந்துனு கீது. இத்தினி பேரு நின்னுனு கீறீங்களே, ஒருத்தருக்குக் கூடவா கண்ணு தெர்ல?"

நான் அப்போதுதான் என் மகளைப் பார்த்தேன். ஷூவைக் கழற்றின இடத்திலேயே நின்றிருந்தாள். ஒரு அடி நகரவில்லை. ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து, மாற்றி மாற்றி வைத்து நின்றிருக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் நிறைய தண்ணீர், சத்தம் இல்லை. மே மாதம், வேலூர், மத்தியானம் ஒரு மணி, தார்த் தரை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நேரமும் அவளுக்கும் எனக்கும் நடுவில் நாலு அடி தூரம்கூட இல்லை.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். அந்தப் பெண் கையில் இருந்த ஷூவை மேனேஜர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"ரேக்குக்கு அடியில கெடந்துது சார். ஒண்ணு கறுப்பா, ஒண்ணு வெளுப்பா, இது இன்னா ஜோடின்னு நானே பாத்துனு இருந்தேன். திருட வந்தவ தன் ஷூவ வுட்டுட்டா போவா? மேல வந்து பாத்துட்டுப் பேசக் கூடாதா நீங்க?"

என் வீட்டுக்காரர்தான் ஒரு கையால் டங்கை இழுத்துக் காட்டினார். ஓட்டை இருந்தது. இரண்டிலும் இருந்தது. வீடியோ எடுத்தவரைத் தேடினேன், காணவில்லை. என்னைத் திருடி என்று சொன்னதை எடுத்தவருக்கு, இல்லை என்று ஆனதை எடுக்க நேரமில்லை.

நான் அந்த அம்மாவிடம் சொன்னேன், "மாத்தி எடுத்தது என் தப்பு. மன்னிச்சுடுங்க." சொல்ல வேண்டியதுதான், சொன்னேன். அவர் ஷூவை வாங்கி, காகிதக் கைக்குட்டையால் உள்ளே துடைத்தார். என் மகள் கால் பட்ட இடத்தைத் துடைத்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ ஆகியிருக்காது" என்று சொல்லிவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

"திருடின்னு சொன்னாங்களே, அதுக்கு யாரு மன்னிப்பு கேக்கறது?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நீங்கதானே மாத்தி எடுத்தீங்க?" என்றான். மறுபடியும் நீங்க ஆகிவிட்டேன். "சரி விடுங்க, பாப்பாவுக்கு இன்னொரு நாள் ஒரு மணி நேரம் ஃப்ரீ போட்டுத் தர்றேன்."

அவனை நான் என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் போட மாட்டார்கள். வாட்ச்மேன் மட்டும், பெரியவர், கூடையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, மகனின் ஜட்டியை மடித்து வைத்து, "எங்க வேல அப்டிம்மா, அவுங்க சொன்னா செய்யணும்" என்றார். அவரிடம் எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை. சமாதானமும் வரவில்லை.

அந்தப் பெண் என் மகளின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, "கொப்புளம் வரும், ஷூ போடாத, தூக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். மேலே இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நான் நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டு, மகளை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொள்ள, மகனை நான் தூக்கிக்கொள்ள, பஸ்ஸில் வந்தோம். எலுமிச்சை சாதத்தை யாரும் திறக்கவில்லை. பள்ளிகொண்டா தாண்டும்போது அவளிடம் கேட்டேன், "கால் சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"அந்த அங்கிள் அங்கயே நில்லுன்னாரு. நகந்தா நாமதான் எடுத்தோம்னு நெனைப்பாங்கல்ல?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஷூ வேற மாதிரி கீதுன்னு நான் அப்பவே சொன்னேன் ம்மா" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லை. சும்மா சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் வேலூருக்குப் போனேன். கையில் ஒரு ஜோடி தோல் செருப்பு, புதுப் பெட்டியில். முப்பத்தெட்டு சைஸ். தாரில் நின்ற அந்தக் காலை ஒரு தடவைதான் பார்த்தேன், எங்களுக்கு அது போதும். ஆம்பூரில் கடையில் முழு விலை கொடுத்து வாங்கினேன். ஓட்டை குத்தினதைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. இடதையும் வலதையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்கினேன்.

கவுன்டரில் ஒரு புதுப் பெண் இருந்தாள். "அந்த அக்காவா? அவங்க இப்போ இல்ல. ஆள் மாத்திட்டாங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள். எங்கே இருக்கிறார், எந்த ஊர் என்று கேட்டேன். அதுவும் தெரியாது. ரேக்குக்கு மேலே, உங்கள் பொருட்களுக்கு நீங்களே பொறுப்பு என்ற போர்டு மட்டும் அப்படியே இருந்தது. அந்த மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்க மனசில்லை.

அந்த அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மேனேஜர் மேல், வீடியோ எடுத்தவர் மேல் இருக்கிறது. போகாது, போகவும் வேண்டாம். ஆனால் ராத்திரி படுத்தால் அவர்கள் முகம் வருவதில்லை. என் மகள் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பதுதான் வருகிறது. எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத பிள்ளைகளின் கால் நோகக் கூடாது என்று பதினோரு வருஷமாக ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் விரல் விட்டுத் தடவிப் பார்த்து அனுப்புகிறவள் நான். அன்று அந்தத் தாரில் நின்று நானும் அவர்களோடு சேர்ந்து ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் பிள்ளையின் காலைப் பார்த்தவர் பேர்கூடத் தெரியாத அந்தப் பெண் ஒருவர்தான்.